ஒரு வழி அடைபட்டால் மறு வழி

வங்கிக்குப் பணம் எடுக்கச் செல்கிறோம். “கணிப்பொறி வேலை செய்யவில்லை, நாளை வாருங்கள்” என்கிறார் அலுவலர். உண்மையில் கணிப்பொறி நன்றாகவே இருக்கிறது. நம் கணக்கைத் தாங்கியுள்ள காந்தத் தட்டும் பழுதாகவில்லை. இரண்டையும் இணைக்கும் கம்பி ஒன்று அறுந்துவிட்டது, அவ்வளவுதான்! இத்தகைய சிறு பழுதால் பெரும் பணி நின்றுவிடாமல் காக்க மனிதன் வழி கண்ட வரலாறு சுவையானது.

1956-ஆம் ஆண்டில் ஐ.பி.எம். நிறுவனம் முதல் காந்தத் தட்டு நினைவகத்தை வெளியிட்டது. அதில் 50 தட்டுகள் இருந்தன. அவை யாவும் சேர்ந்து 50 இலட்சம் எழுத்துகளைத் தாங்கின. 1964-இல் அதே நிறுவனம் அறிவித்த சிஸ்டம்/360 கணிப்பொறிகளில் ‘சேனல்’ எனப்படும் வழிகள் மூலம் செய்திகள் நினைவகத்துக்குச் சென்று வந்தன. தட்டுகளின் கட்டுப்பாட்டுப் பெட்டியை இரண்டு சேனல்களுடன் இணைக்கும் அமைப்பும் வந்தது.

இக்கருத்தைக் கணிப்பொறி முழுமைக்கும் விரிவுபடுத்தியது, 1974-இல் கலிஃபோர்னியாவில் தொடங்கப்பட்ட டேண்டம் நிறுவனம். 1976-இல் வெளிவந்த அதன் கணிப்பொறியில் செயலிகள், அவற்றை இணைக்கும் பாதைகள், தட்டுகள் ஆகிய எதுவும் தனித்து நிற்கவில்லை. ஒவ்வொரு கட்டுப்பாட்டுப் பெட்டிக்கும் இரண்டு வாயில்கள் இருந்தன. ஒவ்வொரு செயலியும் விநாடிக்கு ஒரு முறை “நான் உயிரோடு இருக்கிறேன்” என்ற செய்தியை மற்றவற்றுக்கு அனுப்பியது. அச்செய்தி வராது போனால், அது செயலிழந்ததாகக் கருதி மற்றவை அதன் பணியை ஏற்றுக்கொண்டன.

இரண்டு வழிகள் அமைத்துவிட்டால் போதாதா, கண்காணிப்பு எதற்கு என்று கேட்கலாம். ஒரு கணக்கின் மூலம் விடை காண்போம். ஒரு வழி சராசரியாக 1,000 நாட்களில் பழுதடைகிறது எனக் கொள்வோம். இரண்டு வழிகள் இருந்தால், அவற்றுள் ஏதேனும் ஒன்று சராசரியாக 500 நாட்களிலேயே பழுதாகும். அதை யாரும் கவனிக்காவிட்டால், எஞ்சிய வழி மேலும் 1,000 நாட்கள் ஓடி நிற்கும். ஆக மொத்தம் 1,500 நாட்கள். செலவு இரு மடங்கு, பயனோ ஒன்றரை மடங்கு!

மாறாக, பழுதை உடனே கண்டு ஒரே நாளில் சரிசெய்தால் என்ன ஆகும்? அந்த ஒரு நாளுக்குள் மற்ற வழியும் பழுதாகும் வாய்ப்பு 1,000-இல் 1 மட்டுமே. எனவே இரண்டும் ஒருசேர அற்றுப்போகச் சராசரியாக 500 × 1,000, அதாவது 5 இலட்சம் நாட்கள் ஆகும். இது ஏறத்தாழ 1,370 ஆண்டுகள்! ஆனால் இரண்டு வழிகளும் ஒன்றையொன்று சாராதிருந்தால்தான் இக்கணக்குப் பொருந்தும். இரண்டு கம்பிகளையும் ஒரே குழாயில் புதைத்தால், ஒரு கடப்பாரைக் குத்து இரண்டையும் அறுத்துவிடும்.

இன்றைய பெரிய கணிப்பொறி நிலையங்களில், 1994-இல் தரப்படுத்தப்பட்ட ‘ஃபைபர் சேனல்’ போன்ற இணைப்புகள் வழியே ஒரே தட்டுக்குப் பல வழிகள் உண்டு. இதில் ஒரு வேடிக்கை. இரு வழிகளில் காணும் கணிப்பொறிக்கு ஒரே தட்டு இரண்டாகத் தோன்றும்! தட்டின் தனி அடையாள எண்ணைப் படித்து, “இரண்டும் ஒன்றே” என்று அறியும் மென்பொருள் அக்குழப்பத்தைத் தீர்க்கிறது. லினக்ஸில் உள்ள இத்தகைய மென்பொருள், வேறு கட்டளை இல்லாவிடில், 5 விநாடி இடைவெளியில் வழிகளைச் சோதிக்கத் தொடங்குகிறது.

எனினும் இயந்திரம் மட்டும் விழித்திருந்தால் போதாது. டேண்டம் நிறுவனத்தின் ஜிம் கிரே, கணிப்பொறிகள் நின்றுபோன நிகழ்ச்சிகளை ஆராய்ந்து 1985-இல் ஓர் அறிக்கை எழுதினார். அவற்றுள் கருவிப் பழுதால் நேர்ந்தவை 18 விழுக்காடு. இயக்குதல், பராமரித்தல் போன்ற நிருவாகப் பணிகளில் நேர்ந்தவையோ 42 விழுக்காடு!

மறு வழி இருப்பதால் ஒரு வழியின் பழுது வெளியே தெரிவதில்லை. வேலை தடையின்றி நடப்பதே நம்மை ஏமாற்றிவிடுகிறது. ஆகவே, எல்லாம் நன்றாக நடக்கும்போதும், “இன்று எத்தனை வழிகள் உயிரோடு உள்ளன?” என்று நாள்தோறும் கேட்பவரே கணிப்பொறியின் உண்மையான காவலர்.