திரும்பத் திரும்ப அதே பிழை: பழைய அலுவலக சர்வரை என்ன செய்வது?

"அண்ணே, சர்வர் திரும்பப் படுத்துடுச்சு!"

"ஆஃப் பண்ணிட்டு ஆன் பண்ணு தம்பி."

தேக்கா பக்கம் கடைவீட்டு மாடியில் ஒரு சிறிய அலுவலகம் என்று வைத்துக்கொள்வோம். மேசைக்கு அடியில் 8 ஆண்டாக ஓடும் சர்வர். கணக்கு, சம்பளம், வாடிக்கையாளர் விவரம் எல்லாமே அதற்குள்தான். ஆஃப் செய்து ஆன் செய்தால் ஓடும். அடுத்த வாரம் அதே பிழை மறுபடியும் வரும்.

2010இல் என்ன நடந்தது?

சின்னப் பிழை எவ்வளவு பெரிதாகலாம் என்பதைச் சிங்கப்பூர் ஒருமுறை பார்த்துவிட்டது.

2010 ஜூலை தொடக்கத்தில் டிபிஎஸ் வங்கியின் சேமிப்புக் கட்டமைப்பில் ஓர் இணைப்பு விட்டு விட்டுப் பிழை காட்டியது. அப்போதும் வங்கிச் சேவைகள் வழக்கம்போல் நடந்தன. ஐபிஎம் பொறியாளர்கள் கேபிளை மாற்றினர். பிழை திரும்பி வந்தது. மறுபடியும் பழுதுபார்த்தபோது சரியான நடைமுறை பின்பற்றப்படவில்லை. தரவைக் காக்க, அந்தச் சேமிப்புக் கட்டமைப்பு மெயின்ஃபிரேமுடன் தொடர்பைத் தானே துண்டித்துக்கொண்டது.

ஜூலை 5, திங்கட்கிழமை. அதிகாலை 3 மணி வாக்கில் சேவைகள் முடங்கின. தானியக்க வங்கி இயந்திரங்களில் பணம் எடுக்க முடியவில்லை. நிலைமை முழுமையாகச் சீராக சுமார் 7 மணி நேரம் ஆனது. பின்னர் சிங்கப்பூர் நாணய ஆணையம் வங்கியைக் கண்டித்தது; கூடுதலாகச் சுமார் 230 மில்லியன் வெள்ளி மூலதனத்தை ஒதுக்கிவைக்கவும் சொன்னது.

பிழையைவிட, அதைச் சரிசெய்த விதம்தான் அங்கு பெரிய சேதம் செய்தது. சிறிய அலுவலகத்திலும் இதே ஆபத்து உண்டு.

அப்படியென்றால் முதலில் என்ன செய்வது?

எதையும் கழற்றாதீர்கள். முதலில் காப்புநகல் எடுங்கள். பழுதாகும் நிலையில் உள்ள டிஸ்க் இன்று படிக்கக் கொடுப்பதை நாளை கொடுக்காமல் போகலாம்.

அடுத்து, பிழை வந்த நேரத்தைக் குறித்துவையுங்கள். விண்டோஸ் சர்வரில் 'ஈவென்ட் வியூவர்' அதைப் பதிவுசெய்திருக்கும். பாதிப் பதில் அந்த நேரத்திலேயே இருக்கும். தினமும் இரவு 2 மணிக்கா? அப்போது ஓடும் காப்புநகல் வேலை டிஸ்க்கின் பழுதான பகுதியைத் தொடுகிறதோ என்னவோ. அலுவலகம் மூடி ஏர்கோன் நின்ற பிறகா? வெப்பமாக இருக்கலாம். தூசி அடைத்த விசிறி என்றால் நம்ம ஊர் வெப்பத்தில் கேட்கவே வேண்டாம்.

பதிவில் எண் 7 இருந்தால் டிஸ்க்கில் படிக்க முடியாத பகுதி உண்டு என்று பொருள். எண் 41 வேறு: சர்வர் முறையாக அணையாமல் மீண்டும் தொடங்கியது என்று மட்டுமே அது சொல்லும், காரணத்தைச் சொல்லாது. மின்வழங்கி, யுபிஎஸ் பேட்டரி இரண்டையும் பாருங்கள். அந்த பேட்டரி பொதுவாக 3 முதல் 5 ஆண்டுதான் தாங்கும்.

இன்னொன்று பலரை ஏமாற்றும். பாஸ்வேர்ட் சரிதான், ஆனாலும் உள்ளே விடாது. மதர்போர்டில் இருக்கும் நாணயம் அளவு பேட்டரி தீர்ந்தால், சர்வரை அணைத்து ஆன் செய்யும்போது கடிகாரம் தவறிவிடும். விண்டோஸ் கட்டமைப்பில் 5 நிமிடத்துக்கு மேல் நேரம் வேறுபட்டால், வழக்கமாக உள்நுழைய முடியாது. சில வெள்ளிச் செலவில் தீரும் விஷயம்!

"நாங்க ரெய்ட் போட்டிருக்கோமே?"

நல்லது. ஆனால் அது காப்புநகல் ஆகாது. தவறுதலாக அழித்த கோப்பு எல்லா டிஸ்க்கிலும்தான் அழியும். ஒரே நாளில் வாங்கிய டிஸ்க்குகள் ஒன்றாகவே மூப்படையும். ரெய்ட் 5இல் ஒன்றை மாற்றி, தரவு திரும்ப நிரம்பும் நேரத்தில் இன்னொன்று போனால் எல்லாம் போச்சு.

எப்போது மாற்றுவது?

டிஸ்க்கின் 'ஸ்மார்ட்' அறிக்கையில் பழுதான பகுதிகளின் எண்ணிக்கை வாரத்துக்கு வாரம் ஏறினால் தாமதிக்காதீர்கள். விண்டோஸ் சர்வர் 2012 என்றால் வன்பொருள் நன்றாக இருந்தாலும் மாற்றவேண்டியதுதான். அதற்கான வழக்கமான ஆதரவு 2023 அக்டோபர் 10ஆம் தேதியே முடிந்துவிட்டது.

சிங்கப்பூரில் நிறுவனங்கள் கணக்குப் பதிவுகளைக் குறைந்தது 5 ஆண்டு வைத்திருக்கவேண்டும். இந்த வாரமே 4 ஆண்டுக்கு முந்திய ஒரு ரசீதைக் காப்புநகலிலிருந்து வேறொரு கணினியில் திறந்து பாருங்கள்.