மாற்றிக்கொள்ளக்கூடிய முடி

துணிக்கடை, ஓட்டல், கால்சென்டர் என்று எங்கே வேலைக்குச் சேர்ந்தாலும் முதல் நாள் ஒரு காகிதம் நீட்டுவார்கள். சட்டை இப்படி இருக்கணும், ஷூ இப்படி இருக்கணும், தலைமுடி 'ஒழுங்காக' இருக்கணும். எல்லோருக்கும் ஒரே விதி, இதில் என்ன பாகுபாடு இருக்கப் போகிறது என்று நமக்குத் தோன்றும். அந்த 'ஒழுங்காக' என்ற ஒரு சொல்லை வைத்து அமெரிக்காவில் ஐம்பது வருடமாக வழக்கு நடக்கிறது. கொஞ்ச நாளாக அந்தத் தீர்ப்புகளைப் படித்துக்கொண்டிருக்கிறேன். நான் வக்கீல் இல்லை, புரோகிராம் எழுதுகிறவன். ஒரு சொல்லுக்கு என்ன வரையறை கொடுத்திருக்கிறோமோ, அதற்குத் தகுந்த மாதிரிதான் விளைவு வரும் என்பது என் பிழைப்பில் தினமும் பார்க்கிற விஷயம். இந்த வழக்குகளிலும் அதுதான் நடந்திருக்கிறது.

முதலில் முடியைப் பற்றிக் கொஞ்சம். கறுப்பின மக்களில் பலருக்கு முடி இறுக்கமான சுருளாக வளரும். சீக்கிரம் வறண்டு உடையும். அதை அப்படியே வளரவிட்டால் தலையைச் சுற்றி உருண்டையாக நிற்கும், அது ஆஃப்ரோ. மண்டையோடு ஒட்டி, சோளக்கொல்லை வரிசை மாதிரி வரிவரியாகப் பின்னினால் கார்ன்ரோ. திரித்திரியாகச் சேரவிட்டால், நம்ம ஊர்ச் சாமியார்களின் சடை மாதிரி, அது லாக்ஸ். பின்னலும் சடையும் வெறும் அலங்காரம் மட்டும் இல்லை, முடி உடையாமல் காப்பவை. இவை வேண்டாம் என்றால் இன்னொரு வழி முடியை நேராக்குவது. பழுக்கக் காய்ச்சிய சீப்பால் இழுக்கணும், இல்லாவிட்டால் ரசாயனம் பூசணும். அந்த ரசாயனங்களில் ஒரு வகை காஸ்டிக் சோடா கலந்தது, தலைத்தோலைப் புண்ணாக்கக்கூடியது. அதனால் 'முடியை மாற்றிக்கொண்டு வா' என்று சொல்வது சுலபம், செய்வது அப்படி இல்லை.

ஒரு காலத்தில் இந்த விதிகள் யாருக்கு என்று வெளிப்படையாகவே சொன்னார்கள். 1786-இல் லூசியானா ஸ்பெயின் ஆட்சியில் இருந்தபோது, ஆளுநர் எஸ்டேபான் மிரோ ஓர் ஆணை போட்டார். கறுப்பின, கலப்பினப் பெண்கள் தலைமுடியைத் துணியால் கட்டி மறைக்க வேண்டும் என்பது ஆணை. அந்தப் பெண்கள் பளீரென்ற நிறத்தில் துணி எடுத்து அழகழகாகக் கட்டி, தண்டனையையே ஃபேஷன் ஆக்கிவிட்டார்கள் என்பது தனிக்கதை.

1964-இல் சிவில் உரிமைச் சட்டம் வந்தது. அதன் 7-ஆம் தலைப்பு, இனம், நிறம், மதம், பால், பிறந்த நாடு என்ற ஐந்து காரணங்களால் வேலையில் பாகுபாடு கூடாது என்றது. அதற்குப் பிறகு 'கறுப்பர்கள் முடியை மறைக்கணும்' என்று யாரும் எழுத முடியாது. எழுதியதெல்லாம் 'முடி ஒழுங்காக இருக்கணும்' என்றுதான். கேள்வி இப்படி ஆனது: சட்டத்தில் உள்ள 'இனம்' என்ற சொல்லுக்குள் முடி வருமா, வராதா?

இதற்குப் பதில் சொல்லப் பயன்பட்ட அளவுகோல் பிறந்த இடம்தான் எனக்குப் பெரிய ஆச்சரியம். 1970 ஜூலையில் ஜார்ஜியா மாநிலத்தின் பைரன் என்ற சிற்றூரில் பெரிய பாப் இசை விழா நடந்தது. லட்சக்கணக்கில் இளைஞர்கள் கூடினார்கள். தாடி, நீண்ட முடி, போதை, அரைகுறை ஆடை என்று சுற்றுவட்டாரமே அரண்டுபோனது. அதே சமயத்தில் பக்கத்து மேக்கன் நகரில் ஒரு செய்தித்தாள் நிறுவனத்துக்கு நீண்ட முடியோடு ஓர் ஆண் வேலை கேட்டு வந்தார். விளம்பரம் கொடுக்கிற வியாபாரிகள் என்ன நினைப்பார்களோ என்று நிறுவனம் மறுத்துவிட்டது. பெண்ணாக இருந்தால் இந்த முடியோடு வேலை கிடைத்திருக்குமே, இது பால் பாகுபாடுதானே என்று வழக்குப் போட்டார். 1975-இல் 5-ஆவது வட்ட மேல்முறையீட்டு நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. நீதிமன்றம் சொன்ன காரணத்தின் சாரம், மாற்ற முடியாத தன்மைகளைத்தான் சட்டம் காக்கிறது, முடியை வெட்டிக்கொள்ளலாமே என்பது.

ஹிப்பி பயத்தில் பிறந்த இந்த 'மாற்ற முடியுமா, முடியாதா' என்ற அளவுகோல் பிறகு கறுப்பினப் பெண்கள் தலையில் வந்து விழுந்தது. 1976-இல் ஆஃப்ரோ வைத்ததால் பதவி உயர்வு மறுக்கப்பட்டதாகச் சொன்ன ஒரு பெண்ணின் புகாரை, அது இனப் பாகுபாட்டுப் புகார்தான் என்று 7-ஆவது வட்ட நீதிமன்றம் ஏற்றது. ஆனால் 1981-இல், அமெரிக்கன் ஏர்லைன்ஸின் விமான நிலைய ஊழியர் ஒருவர் கார்ன்ரோ பின்னலுக்காகத் தொடுத்த வழக்கில் நியூயார்க் நீதிமன்றம் வேறு கோடு போட்டது. ஆஃப்ரோ இயற்கையாக வளர்வது, அதைத் தடுத்தால் ஒருவேளை சட்டப் பிரச்சினை வரலாம். பின்னல் கையால் செய்வது, சுலபமாக மாற்றக்கூடியது, அதற்குப் பாதுகாப்பு இல்லை. பின்னலைக் கொண்டையாகச் சுற்றி, வேலை நேரத்தில் மேலே ஒரு செயற்கை முடியை வைத்துக்கொள்ளலாம் என்றும் நிறுவனம் வழி சொல்லியிருந்தது. 1979-இல் வந்த '10' என்ற படத்தில் போ டெரெக் என்ற வெள்ளை நடிகை பிரபலமாக்கிய பிறகுதான் இவர் பின்னிக்கொண்டார் என்றும் வாதாடினார்கள். பல தலைமுறையாகப் பின்னிவந்த பின்னலுக்கு ஒரு படத்தின் நடிகை உரிமையாளர் ஆகிவிட்டார்!

இப்போது கடைக்கு வருவோம். அபெர்க்ராம்பி அண்ட் ஃபிட்ச் என்ற துணிக்கடை நிறுவனத்தில் 2015 வரை விற்பனை ஊழியர்களுக்குப் பெயரே 'மாடல்' என்றுதான் இருந்தது. எப்படித் தோன்றணும் என்பதற்கு 'லுக் பாலிசி' என்று விதிப்புத்தகம் இருந்தது. கறுப்பின, லத்தீன், ஆசிய ஊழியர்களைக் கண்ணில் படாத பின்கட்டு வேலைக்குத் தள்ளுகிறார்கள் என்ற வழக்கில் 2004-இல் சுமார் 4 கோடி டாலருக்கு நிறுவனம் சமரசம் செய்துகொண்டது. 2008-இல் ஓக்லஹோமாவின் டல்சா நகரில் தலையில் முக்காடு அணிந்த ஒரு முஸ்லிம் பெண் அதே நிறுவனத்தில் வேலைக்கு வந்தார். நேர்காணலில் தேறுகிற அளவு மதிப்பெண் வாங்கியும், முக்காடு லுக் பாலிசிக்கு ஒத்துவராது என்று மேலாளர் மறுத்தார். 2015 ஜூனில் உச்ச நீதிமன்றம் 8-க்கு 1 என்று அந்தப் பெண் பக்கம் நின்றது. மத வழக்கம் என்று வந்தால், எல்லோருக்கும் பொதுவான விதியாக இருந்தாலும் அதுதான் வழிவிட வேண்டும் என்பது ஸ்காலியா எழுதிய தீர்ப்பின் சாரம்.

அடுத்த வருடமே, 2016-இல், 11-ஆவது வட்ட நீதிமன்றத்தில் இன்னொரு தீர்ப்பு. அலபாமாவின் மொபீல் நகரில் ஒரு கறுப்பினப் பெண்ணுக்குக் கால்சென்டர் வேலை உறுதியானது. லாக்ஸை வெட்டினால்தான் வேலை என்றார்கள். அவர் மறுத்தார், வேலை போனது. போனில் பேசுகிற வேலை என்பதை மறக்காதீர்கள், எதிர்முனையில் இருப்பவருக்கு முடியே தெரியாது. அரசின் சம வேலைவாய்ப்பு ஆணையம் அவருக்காக வாதாடித் தோற்றது. சடை மாற்றக்கூடியதுதானே என்றது நீதிமன்றம். எதை ஆதாரமாகக் காட்டினார்கள் தெரியுமா? 1975-இன் மேக்கன் வழக்கை. பழைய 5-ஆவது வட்டத்திலிருந்து பிரிந்ததுதான் 11-ஆவது வட்டம். பிரிந்தபோது பழைய தீர்ப்புகளும் சொத்தோடு கடன் மாதிரி கூடவே வந்துவிட்டன. எங்கள் தொழிலில் லெகசி கோடு என்போம், யாரோ எதற்கோ எழுதியது இன்னும் ஓடிக்கொண்டிருக்கும்.

முக்காட்டையும் கழற்றலாம், சடையையும் வெட்டலாம். ஒன்றுக்குப் பாதுகாப்பு, இன்னொன்றுக்கு இல்லை. ஏன்? பதில் 1972-இல் இருக்கிறது. அந்த வருடம் அமெரிக்க நாடாளுமன்றம் சிவில் உரிமைச் சட்டத்தைத் திருத்தி, 'மதம்' என்றால் நம்பிக்கை மட்டுமில்லை, அதைக் கடைப்பிடிக்கும் வழக்கங்களும்தான் என்று வரையறை சேர்த்தது. 'இனம்' என்ற சொல்லுக்கு அப்படி ஒரு வரையறையும் எழுதவில்லை. அந்த வெற்றிடத்தை நீதிபதிகள் தங்கள் அளவுகோலால் நிரப்பினார்கள்.

கலிபோர்னியா 2019 ஜூலையில் நிறைவேற்றிய கிரவுன் சட்டம் சரியாக அந்த இடத்தில்தான் கைவைத்தது. மாநில செனட்டர் ஹோலி மிட்செல் கொண்டுவந்த இந்தச் சட்டம் செய்தது சின்ன வேலைதான். இனம் என்பதில் முடியின் தன்மையும், பின்னல், லாக்ஸ், திரிகள் போன்ற காப்புச் சிகைகளும் அடங்கும் என்று வரையறையில் சேர்த்தது. 'மாற்றலாமே' என்ற வாதத்துக்கு அங்கே வேலை இல்லாமல் போனது. அதே மாதம் நியூயார்க், பிறகு பல மாநிலங்கள். நாடு முழுவதற்குமான மசோதா 2020-இலும் 2022-இலும் கீழவையில் தேறியும் செனட்டைத் தாண்டவில்லை.

வரையறையிலும் ஓட்டை கண்டுபிடிப்பார்கள். டெக்சாஸில் 2023 செப்டம்பரில் இதே மாதிரிச் சட்டம் அமலுக்கு வந்தது. லாக்ஸ் வைத்த ஒரு மாணவரைப் பள்ளி தண்டித்தது. நாங்கள் தடுப்பது சடையை அல்ல, நீளத்தை என்றது பள்ளி. சட்டத்தில் நீளம் பற்றி ஒரு சொல்லும் இல்லை. 2024 பிப்ரவரியில் நீதிபதி பள்ளி பக்கம் தீர்ப்புச் சொன்னார்.

'எல்லோருக்கும் ஒரே விதி' என்று யாராவது சொன்னால், இனி நான் கேட்க நினைப்பது ஒன்றுதான்: அந்த விதியை எழுதும்போது யார் தலையை மனதில் வைத்து எழுதினீர்கள்? காலையில் தலைவாரிக்கொண்டு வேலைக்குக் கிளம்ப ஒருவருக்கு ஐந்து நிமிடம் போதும், இன்னொருவருக்குக் காஸ்டிக் சோடா வேண்டும் என்றால், அது ஒரே விதி இல்லை.