பஞ்சத்தின் நடுவே எரிந்த அடுப்புகள்: ஸோமாலியா, 1992

கி.பி. 1331இல் மொகதிஷு துறைமுகத்தில் வந்திறங்கிய உலகப் பயணி இப்னு பதூதா, அந்நகரத்தார் தமக்களித்த விருந்தினை விரிவாக வருணித்துள்ளார். பெரிய மரத்தட்டில் நெய்ச்சோறு, அதன் மேல் இறைச்சியும் மீனும் காய்கறியும் சேர்ந்த குழம்பு, பாலில் வேகவைத்த வாழைக்காய், எலுமிச்சை, மாங்காய் ஊறுகாய்கள் எனச் செழிப்பின் சித்திரமாக அவ்வருணனை அமைந்துள்ளது. அதே நாட்டில் 1992இல் இலட்சக்கணக்கானோர் ஒரு வேளைச் சோற்றுக்காக வரிசையில் நின்றனர். இவ்வீழ்ச்சிக்கு வறட்சியை மட்டும் காரணமாகக் கூறுவது வரலாற்றுக்குப் பொருந்தாது.

1991 ஜனவரியில் ஸியாத் பர்ரேயின் ஆட்சி வீழ்ந்தது. தெற்கு நோக்கிப் பின்வாங்கிய அவரது படையினரும் அவர்களைத் துரத்திய எதிரணியினரும் ஜுபா, ஷபெல்லே நதிகளுக்கிடைப்பட்ட விளைநிலங்களின் ஊடாக மீண்டும் மீண்டும் கடந்து சென்றனர். அங்கு வாழ்ந்த ரஹன்வெய்ன் மக்கள் சோளம் பயிரிட்டு, விளைச்சலை நிலத்தடிக் குழிகளில் சேமித்து வைப்பவர்கள். மழை பொய்க்கும் ஆண்டுகளில் அக்குழிகளே அவர்களைக் காத்து வந்தன. படைகள் அவற்றைத் தோண்டிச் சூறையாடின. கால்நடைகளையும் ஓட்டிச் சென்றன. வறட்சி வந்தபோது குழிகள் வெறுமையாயிருந்தன. பைதோவா நகரம் மரணத்தின் நகரமென உலகெங்கும் அறியப்பட்டது.

தலைநகரிலோ, 1991 நவம்பர் முதல் 1992 மார்ச் வரை ஐதீதும் அலி மஹ்தியும் நடத்திய போர் துறைமுகத்தை முடக்கியது. தானியம் பணத்தின் இடத்தைப் பிடித்தது. உதவியாக வந்த மூட்டைகள் கொள்ளையிடப்பட்டு ஆயுதக் குழுக்களின் செலவுக்குப் பயன்பட்டன. வழக்கத்துக்கு மாறாக, செஞ்சிலுவைச் சங்கமே தன் வாகனங்களுக்கு ஆயுதக் காவலர்களை அமர்த்த வேண்டியதாயிற்று.

இச்சூழலிற்றான் எளியதொரு வழி கண்டறியப்பட்டது. மூட்டையாக அரிசி கொடுத்தால் அதனைப் பறிக்கலாம், பதுக்கலாம், விற்கலாம். வெந்த சோற்றைக் கொள்ளையிடுவதில் எவருக்கும் இலாபமில்லை. எனவே சர்வதேசச் செஞ்சிலுவைச் சங்கமும் ஸோமாலியச் செம்பிறைச் சங்கமும் இணைந்து சமையற்கூடங்களைத் திறந்தன. ஊர்ப் பெண்களே பெரும்பாலும் அரிசியும் அவரையினப் பருப்பும் எண்ணெயும் சேர்த்துச் சமைத்தனர். 1992 இறுதிக்குள் 900க்கும் மேற்பட்ட சமையற்கூடங்கள் நாளொன்றுக்கு 10 இலட்சத்துக்கும் அதிகமானோருக்கு உணவளித்தன. தானியம் ஒரே துறைமுகத்தை நம்பியிராது, கரையோரத்தின் பல்வேறு இடங்களில் இறக்கப்பட்டமையும் கருதத்தக்கது.

எனினும் அடுப்புகளால் எல்லாவற்றையும் தடுக்க முடியவில்லை. உணவு தேடி ஓரிடத்தில் திரண்டவர்களிடையே தட்டம்மையும் வயிற்றுப்போக்கும் பரவின. குழந்தைகளே பெரிதும் மாண்டனர். அப்பஞ்சத்தில் இறந்தோர் 2 இலட்சத்துக்கும் மேற்பட்டோர் என மதிப்பிடப்படுகிறது.

ஐ.நா. சிறப்புப் பிரதிநிதியாகச் சென்ற அல்ஜீரியர் முஹம்மத் ஸஹ்னூன், குலப் பெரியோருடன் பொறுமையாகப் பேசி வழி தேடினார். ஐ.நா. நிறுவனங்களின் தாமதத்தை வெளிப்படையாகக் கண்டித்தமையால் மேலிடத்துடன் முரண்பட்டு, 1992 அக்டோபரில் பதவி விலகினார். அமெரிக்கத் தலைமையிலான படை டிசம்பர் 9இல் கரையிறங்கியது. ஆனால் அதற்கு முன்னரே மரணங்களின் உச்சம் கடந்துவிட்டிருந்தது. உலகின் நினைவில் நிலைத்தவையோ படைவீரர்களின் படங்களே. புகையில் கண் கலங்கி அகப்பை பிடித்த பெண்களின் பெயர்களை எந்த வரலாறும் பதிந்து வைக்கவில்லை.

2011 ஜூலையில் அதே நிலப்பரப்பில் மீண்டும் பஞ்சம் அறிவிக்கப்பட்டது. 2010 இறுதி முதல் 2012 வரை ஏறத்தாழ 2,58,000 பேர் மாண்டதாகவும், அவர்களுள் பாதிப்பேர் ஐந்து வயதுக்குட்பட்டோர் எனவும் பின்னர் ஆய்வு கணித்தது. மழை பொய்ப்பது மனிதன் கையில் இல்லை. உழவனின் தானியக்குழியைக் காப்பதும் உதவிக்கு வழிவிடுவதும் அவன் கையில்தான் உள்ளன. பசித்தவன் வாசல் தேடி வருமுன்னரே அவன் ஊரில் அடுப்பு மூட்டப்பட வேண்டும் என்பதே ஸோமாலியா கற்பிக்கும் பாடமாகும்.