கொம்பனி றேடியோவைக் கழற்றாமல் ட்ரக்கின் ஒலியைத் திருத்துவது எப்படி?

மொன்றியலில் கூரை வேலை, கட்டட வேலை, பொருள் விநியோகம் என்று சொந்தத் தொழில் செய்யும் எம்மவர்கள் பலர் பிக்கப் ட்ரக் வைத்திருக்கிறார்கள். ஒரு கலியாணவீட்டுக்கு ரொறன்ரோ போவதென்றால் போக 540 கிலோமீற்றர், வர 540 கிலோமீற்றர். அவ்வளவு தூரமும் துணைக்கு வருவது பாட்டுத்தான். ஆனால் எழுபதாயிரம், எண்பதாயிரம் டொலர் கொடுத்து வாங்கிய வாகனத்தின் கதவுக்குள் மெல்லிய காகிதக் கூம்பு ஸ்பீக்கர் இருப்பதை, 401 நெடுஞ்சாலையில் சத்தத்தைக் கூட்டும்போதுதான் பலர் கண்டுபிடிக்கிறார்கள்.

இருபது வருடங்களுக்கு முன்பு இதற்கு வழி சுலபம். பழைய றேடியோவைக் கழற்றி எறிந்துவிட்டு ஒரு பயனியரோ அல்பைனோ பூட்டினால் வேலை முடிந்தது. இப்போது அப்படிச் செய்ய முடியாது. செய்ய முடிந்தாலும், செய்யாமல் இருப்பதே நல்லது என்பது என் கருத்து.

காரணம், இன்றைய றேடியோ வெறும் றேடியோ அல்ல. கனடாவில் 2018 மே மாதத்துக்குப் பிறகு தயாரிக்கப்படும் புதிய இலகுரக வாகனங்களில் பின்பக்கக் கமெரா கட்டாயம். அதன் படம் தெரிவது அந்தத் திரையில்தான். பல மொடல்களில் ஹீற்றர், இருக்கைச் சூடு, ட்ரெயிலர் அமைப்புகள் எல்லாமே அதற்குள் இருக்கின்றன. ஜெனரல் மோட்டர்ஸ் ட்ரக்குகளில் சீற்பெல்ற் போடாவிட்டால் வரும் மணியோசைகூட றேடியோவின் வழியாக, கதவு ஸ்பீக்கரில்தான் ஒலிக்கிறது. அதைக் கழற்றினால் எச்சரிக்கையும் போய்விடும். திரும்பப் பெற வேறு இணைப்புப் பெட்டிகள் வாங்கவேண்டும். லீஸில் எடுத்த வாகனமென்றால் திருப்பிக் கொடுக்கும் நாளில் எல்லாவற்றையும் பழையபடி வைக்கவும் வேண்டும். மொன்றியல் துறைமுகம் வழியாகக் களவுபோன வாகனங்கள் கப்பலேறும் கதை எல்லோருக்கும் தெரியும். 2024 பெப்ரவரியில் ஒட்டாவாவில் இதற்கென்றே தேசிய மாநாடு கூட்டினார்கள். வெளியே பளபளக்கும் புதிய செற் எதுவும் தெரியாமலிருப்பதும் ஒரு பாதுகாப்புத்தான்.

ஆகவே கேள்வி இதுதான்: முன்னால் இருப்பதைத் தொடாமல், பின்னால் எதை மாற்றுவது?

முதலில் குறை எங்கே என்று பார்ப்போம். தனி அம்ப் இல்லாத சாதாரண கொம்பனி செற் நேரடியாக வாகன மின்சாரத்தில் ஓடுகிறது. எஞ்சின் ஓடும்போது அது ஏறக்குறைய 14.4 வோல்ட். அந்த வோல்ட்டில் 4 ஓம் ஸ்பீக்கருக்குக் கணக்குப்படி சுத்தமாக 26 வாட்டுக்கு மேல் கொடுக்க முடியாது. நடைமுறையில் 20 வாட் அளவில் நின்றுவிடும். பெட்டியில் 50×4 என்று எழுதியிருப்பது உச்சக் கணக்கு. ஆர்.எம்.எஸ் என்று போட்டிருக்கும் எண்ணை மட்டும் நம்புங்கள்.

இன்னொரு விடயமும் உண்டு, அதுதான் பலருக்குத் தெரியாதது. மலிவான ஸ்பீக்கர் கிழியாமல் இருக்க, சத்தத்தைக் கூட்டக் கூட்டப் பல றேடியோக்கள் தாமாகவே பேஸைக் குறைத்துவிடுகின்றன. கதவின் வடிவத்துக்கு ஏற்பச் சில அலைவரிசைகளை ஏற்றியும் சிலதை இறக்கியும் வைத்திருப்பார்கள். ஃபோர்ட் எஃப்-150 இன் சில எஞ்சின்களில், எஞ்சின் உறுமலையே ஸ்பீக்கர் வழியாகக் கூட்டிக் கேட்கச் செய்கிறார்கள். சில ட்ரக்குகளில் கூரைக்குள் சிறு மைக்குகள் இருக்கின்றன. அவை இரைச்சலைக் கேட்டு எதிரொலி உண்டாக்கி அதை அடக்கும். அப்படியான ட்ரக்கில் பெரிய சப்வூஃபர் பூட்டினால், மைக் உங்கள் பேஸையும் இரைச்சல் என்று நினைத்துக்கொண்டு அதோடு சண்டை பிடிக்கும். உள்ளே 'ஹூம்' என்ற உறுமல்தான் மிஞ்சும். நல்ல கடைக்காரர் வேலை தொடங்கும் முன் இந்த வசதி இருக்கிறதா என்று பார்த்து, மைக் இணைப்பைக் கழற்றியோ மென்பொருளாலோ நிறுத்திவிடுவார்.

பெரும்பாலானோர் முதலில் ஸ்பீக்கரை மாற்றுகிறார்கள். காசு குறைவு, வேலையும் சுலபம். பல பிக்கப்புகளின் முன்கதவில் 6×9 அங்குல ஸ்பீக்கர் போகும். ஆனால் அதே 20 வாட்டில், கனமான கூம்புள்ள விலைகூடிய ஸ்பீக்கரைப் பூட்டினால் சத்தம் முன்பைவிடக் குறைந்துவிடவும் கூடும். வாங்கும்போது உணர்திறன் எண்ணைப் பாருங்கள். 87 டெசிபெல் ஸ்பீக்கருக்கும் 90 டெசிபெல் ஸ்பீக்கருக்கும் உள்ள 3 டெசிபெல் வித்தியாசம், அம்பின் வலுவை இரட்டிப்பாக்குவதற்குச் சமம். சில கொம்பனி ஸ்பீக்கர்கள் 2 ஓம். அந்த இடத்தில் 4 ஓம் பூட்டினால் கிடைக்கும் வலு இன்னும் குறையும்.

என்னைக் கேட்டால் முதல் காசை அம்புக்கும் பின் இருக்கைக்குக் கீழே போகும் ஒரு மெல்லிய 8 அல்லது 10 அங்குல சப்வூஃபருக்கும் போடுங்கள் என்பேன். நெடுஞ்சாலையில் டயர் இரைச்சலும் காற்றும் முதலில் விழுங்குவது பேஸைத்தான். அதைச் சப்வூஃபரிடம் விட்டுவிட்டுக் கதவு ஸ்பீக்கர்களை 80 ஹேர்ட்ஸுக்கு மேலே மட்டும் பாட விட்டால், பழைய ஸ்பீக்கரே பாதி திருந்திவிடும். 20 வாட்டிலிருந்து 80 வாட்டுக்குப் போவது 6 டெசிபெல்தான். காதுக்கு இரண்டு மடங்கு சத்தமாகத் தெரிய 10 டெசிபெல் வேண்டும். ஆக, அம்ப் வாங்குவது அதிரவைக்க அல்ல. தவில் அடி விழும் கணத்தில் ஒலி உடையாமல் இருப்பதற்கு.

அடுத்தது, கொம்பனி றேடியோவிலிருந்து சிக்னலை எப்படி எடுப்பது? பின்னால் ஆர்.சி.ஏ துளைகள் இருக்காது. சுலபமான வழி, ஸ்பீக்கர் வயரையே உள்ளீடாக ஏற்கும் அம்ப் வாங்குவது. இப்போது பல அம்புகளில் இந்த வசதி உண்டு. ஸ்பீக்கர் வயரில் மின்சாரம் வந்ததை உணர்ந்து தாமாகவே எழும்பும், தனியாக றிமோட் வயர் தேவையில்லை. அந்த வசதி இல்லாத அம்பென்றால், இடையில் ஸ்பீக்கர் சிக்னலைத் தாழ்த்தும் சிறு கன்வேட்டர் பெட்டி வேண்டும். சில றேடியோக்கள் ஸ்பீக்கர் இணைக்கப்படவில்லை என்று கண்டால் அந்தப் பக்கத்தையே நிறுத்திவிடும். அதற்குச் சிறு ரெசிஸ்டர் போட்டு ஏமாற்றவேண்டும்.

கொம்பனி ஏற்கெனவே பேஸையும் ட்ரெபிளையும் தனித்தனி வயராகப் பிரித்து அனுப்பினால், டி.எஸ்.பி என்ற ஒலிச் செயலி தேவை. அது பிரிந்ததை மீண்டும் கூட்டி, கொம்பனி செய்த ஏற்ற இறக்கத்தைச் சமப்படுத்தும். என் பார்வையில், கொம்பனி றேடியோவை வைத்துக்கொள்பவருக்கு டி.எஸ்.பி ஆடம்பரம் அல்ல. அது இல்லாமல் விலைகூடிய அம்ப் வாங்கினால், கெட்டுப்போன சிக்னலைத்தான் பெரிதாக்கிக் கேட்பீர்கள்.

விலைகூடிய பதிப்புகளில் றேடியோவிலிருந்து கொம்பனி அம்புக்குச் சிக்னல் டிஜிட்டலாகவே போகும். அங்கே வயரை வெட்டிப் பயனில்லை. வாகனத்தின் மொழி தெரிந்த இணைப்புப் பெட்டி வேண்டும். இதில் மொன்றியலுக்கு ஒரு பங்கு உண்டு. ஐடேட்டாலிங்க், மாஎஸ்ட்ரோ என்ற பெயர்களில் இத்தகைய பெட்டிகளைச் செய்யும் ஒட்டோமோட்டிவ் டேட்டா சொலூஷன்ஸ் நிறுவனம் இந்த நகரத்தைச் சேர்ந்ததுதான். அவர்களின் மாஎஸ்ட்ரோ ஏ.ஆர் பெட்டி கொம்பனி அம்பின் இடத்தில் நின்று, றேடியோவோடு பேசிச் சுத்தமான சிக்னலை வெளியே தருகிறது. கிராமபோனைக் கண்டுபிடித்த எமில் பேர்லினரின் கனடாத் தொழிற்சாலையும் இதே நகரத்தின் சென்-ஹென்றியில் இயங்கியது; அவர் பெயரில் அங்கே ஒரு அருங்காட்சியகம் இருக்கிறது. பிள்ளைகளோடு ஒருமுறை போய்ப் பார்க்கலாம்.

இனி மின்சாரம். ஆபத்து இருப்பது இங்கேதான், கவனக்குறைவு நடப்பதும் இங்கேதான். எல்லாமாக 500 வாட் கொடுக்கும் அம்ப், 80 வீதத் திறனோடு ஓடினால் உச்சத்தில் ஏறத்தாழ 45 அம்பியர் இழுக்கும். பற்றரியிலிருந்து 5 மீற்றர் வயர் என்று வைத்தால், 8 ஆம் நம்பர் செப்பு வயரில் அரை வோல்ட்டுக்குக் கிட்ட இழப்பு. 4 ஆம் நம்பரில் 0.2 வோல்ட்டுக்கும் குறைவு. 4 ஆம் நம்பரே போடுங்கள். மலிவுப் பொதிகளில் வருவது அலுமினியத்தின் மேல் செப்புப் பூசிய வயர். அதன் தடை சுமார் ஒன்றரை மடங்கு கூட. எங்கள் வீதி உப்பில் அது விரைவில் அரிக்கும். பெட்டியில் 'முழுச் செப்பு' என்று எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். பிரதான ஃபியூஸ் பற்றரியிலிருந்து ஒன்றரை அடிக்குள் இருக்கவேண்டும். அந்த ஃபியூஸ் காப்பது அம்பை அல்ல, வயரை. வழியில் எங்காவது வயர் தேய்ந்து உடலில் முட்டினால் தீப்பிடிக்காமல் தடுப்பது அதுதான். எஞ்சின் தடுப்புத் தகட்டினூடாக வயர் போகும் இடத்தில் ரப்பர் வளையம் அவசியம்.

ஏர்த் விடயத்தில் எனக்கே அனுபவம் உண்டு. என் முதல் ட்ரக்கில் பூட்டியவர், பெயின்ற் சுரண்டாமல் இருக்கையின் போல்ட்டிலேயே ஏர்த் வயரை முறுக்கிவிட்டார். ஆறு மாதம் நன்றாகப் பாடியது. முதல் பனிகாலம் முடிய, எஞ்சினின் வேகத்துக்கு ஏற்ப ஸ்பீக்கரில் ஒரு கீச்சு. இடத்தை மாற்றிச் சுரண்டிப் பூட்டியதும் நின்றது. இதில் எஃப்-150 வைத்திருப்பவர்கள் கூடுதல் கவனம் எடுக்கவேண்டும். 2015 மொடலிலிருந்து அதன் உடல் அலுமினியக் கலவை. அலுமினியமும் செப்பும் உப்புநீரோடு சேர்ந்தால் அலுமினியம் அரிக்கப்படும். கண்ட இடத்தில் துளைக்காமல் ஃபோர்ட் வைத்த ஏர்த் புள்ளிகளையே பாவியுங்கள். இன்றைய பல ட்ரக்குகளில் பற்றரியின் நெகட்டிவ் முனையில் மின்னோட்டத்தை அளக்கும் சென்சர் இருக்கிறது. ஏர்த்தை நேரே அந்த முனையில் கொடுத்தால் அம்ப் இழுப்பது கணக்கில் வராது. சென்சருக்கு மறுபக்கம், உடற்பக்கத்தில் கொடுக்கவேண்டும்.

எங்கள் குளிர் இன்னொரு கதை. மறை 18 பாகையில் ஈய பற்றரியின் கொள்ளளவு ஏறக்குறையப் பாதியாகிவிடும். எஞ்சின் நிற்கும்போது பாட்டு கேட்டுக்கொண்டு இருந்தால் பிறகு ஸ்ராட் ஆகாது. ஸ்பீக்கரின் ரப்பர் ஓரமும் குளிரில் விறைக்கும். முதல் பத்து நிமிடம் சத்தத்தை அளவாக வைத்து, உள்ளே சூடேறிய பிறகு கூட்டுங்கள். பூட்டும் வேலையைக் கோடையில் செய்வது நல்லது. ஜனவரியில் கதவு மட்டையைக் கழற்றினால் பிளாஸ்ரிக் கிளிப்புகள் பிஸ்கற் போல முறியும், அதிர்வு அடக்கும் தகடும் ஒட்டாது. அந்தத் தகட்டை ஒட்டும்போது கதவின் அடியில் தண்ணீர் வடியும் துளைகளை மூடிவிடாதீர்கள். தண்ணீர் உள்ளே தேங்கி உறைந்து, பிறகு கதவே துருப்பிடிக்கும்.

எல்லாம் பூட்டிய பிறகு 'கெயின்' சரிசெய்வது கால் மணித்தியால வேலை. ஆனால் அதிகம் ஸ்பீக்கர் எரிவது இதைச் செய்யாததால்தான். அது சத்தத்தைக் கூட்டும் குமிழ் அல்ல, றேடியோவின் அளவுக்கு அம்பைப் பொருத்தும் குமிழ். றேடியோவின் பேஸ், ட்ரெபிளைச் சமமாக வைத்து, ஒலி உடையத் தொடங்கும் முன்னுள்ள அளவில் நிறுத்துங்கள். அதை ஒசிலஸ்கோப்பில் பார்ப்பதே சரி. ஸ்பீக்கர்களைக் கழற்றிவிட்டு ஒரு சோதனைத் தொனியைப் போட்டு, அம்பின் வெளியீட்டை மீற்றரில் அளந்தால் போதும். வாட்டை ஓமால் பெருக்கி வர்க்கமூலம் எடுத்தால் வரவேண்டிய வோல்ட் கிடைக்கும்: 75 வாட், 4 ஓம் என்றால் 17.3 வோல்ட். அதைத் தாண்டாதீர்கள். புளூரூத்தைவிட யு.எஸ்.பி வயரில் பாட்டு தெளிவாக இருக்கும் என்பதையும் இந்த வேளையில் சோதித்துப் பாருங்கள்.

கியூபெக்கில் வேலைத்தல இரைச்சல் வரம்பை 2023 ஜூனில் 90 டெசிபெல்லிலிருந்து 85 ஆகக் குறைத்தார்கள். 8 மணித்தியாலத்துக்கு 85. ஒவ்வொரு 3 டெசிபெல் கூடும்போதும் நேரம் பாதி. 94 என்றால் ஒரு மணித்தியாலம் மட்டுமே. ரொறன்ரோவுக்கு ஐந்தரை மணித்தியாலம் ஓடுபவர் இந்தக் கணக்கைத் தன் ட்ரக்குக்கும் போட்டுப் பார்க்கலாம். அலைபேசியிலுள்ள அளவுச் செயலி ஒரு மட்டான கணக்குத் தரும். பின்னால் வரும் அம்புலன்ஸ் கேட்கவேண்டும் என்பதைச் சொல்லத் தேவையில்லை.

ஐரோப்பாவில் கனரக லொறி ஓட்டும் வாசகர்களுக்கு ஒரு குறிப்பு. வட அமெரிக்கப் பெரிய ட்ரக்குகள் 12 வோல்ட், உங்களுடையவை 24 வோல்ட். இங்கே சொன்ன அம்பை அங்கே நேரே கொடுத்தால் அந்தக் கணமே புகை வரும். 24 ஐ 12 ஆக்கும், அம்பின் இழுப்பைத் தாங்கும் கன்வேட்டர் வேண்டும். வாகனம் கொம்பனியுடையதென்றால் முதலில் முதலாளியின் எழுத்து மூல அனுமதி எடுங்கள்.

கடைக்குப் போகிறவர்கள் விலை கேட்பதற்கு முன் மூன்று கேள்வி கேளுங்கள். என் ட்ரக்கில் சிக்னலை எங்கே எடுப்பீர்கள்? ஏர்த் எங்கே கொடுப்பீர்கள்? கெயினை எதைக் கொண்டு அளப்பீர்கள்? மூன்றாவதற்குக் 'காதால்' என்று பதில் வந்தால் அடுத்த கடைக்குப் போகலாம். சொல்லும் விலைக்கு மேல் இரண்டு வரியும் சேர்ந்து 14.975 வீதம் வரும். ஆயிரம் டொலர் 1149.75 ஆகும். எந்த மொடல் அம்ப், எந்த வயர், எத்தனை அம்பியர் ஃபியூஸ் என்று பில்லில் எழுதி வாங்குங்கள். கழற்றிய பழைய ஸ்பீக்கர்களையும் கேட்டு வாங்கி வீட்டு நிலவறையில் வையுங்கள், வாகனத்தை விற்கும்போதோ லீஸ் முடியும்போதோ தேவைப்படும்.