லேலண்ட் வேலியும் அயலார் வழக்கும்

பிரிட்டனில் வீட்டைச் சுற்றி மதில் எழுப்புவோர் பொதுவாக அதன் உயரம் 2 மீட்டரைக் கடவாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். கடந்தால் நகராண்மைக் கழகத்தின் இசைவு தேவை. பலகை வேலிக்கும் இதுவே விதி. ஆனால், மண்ணில் வேரூன்றி வளரும் உயிர்வேலிக்கு நெடுங்காலம் எந்த உயர வரம்பும் இல்லாதிருந்தது. செங்கல்லுக்கு அளவு வைத்தவர்கள் செடிக்கு வைக்க மறந்தார்கள் எனலாம். அந்த இடைவெளியில் புகுந்து ஓங்கி வளர்ந்த மரம் ஒன்று உண்டு. அதன் பெயர் லேலண்ட் சைப்ரஸ். அயல்வீட்டார் கண்ணுக்கு மறைவு தேடியவர்கள் 20ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அதனைப் பெருவாரியாக நட்டனர். அதனால் எழுந்த பூசல்கள் இறுதியில் நாடாளுமன்றம் வரை சென்றன.

இம்மரம் காட்டில் தோன்றியதன்று. இதன் பெற்றோர் இரண்டும் வட அமெரிக்காவின் மேலைக் கடற்கரையைச் சேர்ந்தவை. ஒன்று மான்டரே சைப்ரஸ். கலிபோர்னியாவில் மான்டரே என்னும் ஊரை அடுத்துக் கடலோரமாக உள்ள இரண்டு சிறு தோப்புகளில் மட்டுமே அது இயற்கையாக வளர்கிறது. விரைந்து வளரும், உப்புக் காற்றைத் தாங்கும், கடுங்குளிரில் வாடிவிடும். மற்றொன்று நூட்கா சைப்ரஸ். அலாஸ்கா முதல் கலிபோர்னியாவின் வட எல்லை வரை, மழை மிகுந்த பகுதிகளில் வளர்வது, பனியைப் பொருட்படுத்தாதது. இரண்டும் கூம்புக்காய் காய்க்கும் பசுமை மாறா மரங்களே. ஆயினும், அவற்றின் தாயகங்களுக்கு இடையே பல நூறு மைல் தொலைவு உண்டு. ஒன்றன் மகரந்தம் மற்றொன்றைத் தானே சென்று சேர வழியில்லை. மனிதன் இரண்டையும் கொணர்ந்து ஒரே பூங்காவில் நட்டபோதுதான் அது நிகழ்ந்தது.

அந்தப் பூங்கா வேல்ஸ் நாட்டில் வெல்ஷ்பூல் நகருக்கு அருகே உள்ள லெய்ட்டன் என்னும் பெருநிலத்தில் இருந்தது. லிவர்பூல் நகர வங்கியாளர் ஜான் நெய்லருக்கு அந்நிலம் 1840களில் திருமணப் பரிசாகக் கிடைத்தது. அவர் அங்கு மாளிகை எழுப்பினார். குன்றின்மேல் தொட்டி கட்டி, எருநீரைக் குழாய் வழியே வயல்களுக்குப் பாய்ச்சினார். அயல்நாட்டு மரங்களின்மீது அவருக்குப் பெருவிருப்பம். 1857இல் நடப்பெற்ற ரெட்வுட் தோப்பு இன்றும் அங்கு வானுற நிற்கிறது. 1888இல் அப்பூங்காவின் நூட்கா மரத்திலிருந்து விதை எடுத்து விதைத்தபோது, தாயை ஒவ்வாத ஆறு நாற்றுகள் முளைத்தன. அருகிருந்த மான்டரே மரத்தின் மகரந்தம் காற்றில் வந்து கலந்ததன் விளைவு அது. திட்டமிட்டு எவரும் செய்ததன்று.

நெய்லர் குடும்பத்தின் செல்வத்திற்கு மூலவர் தாமஸ் லேலண்ட் என்பவர். லிவர்பூல் மேயராக மூன்று முறை இருந்தவர். ஆப்பிரிக்க மக்களை அடிமைகளாகக் கப்பலேற்றி விற்ற வாணிகத்தில் பெரும்பொருள் ஈட்டியவர். அடிமை வாணிகத்தைப் பிரிட்டன் சட்டத்தால் தடுத்த அதே 1807ஆம் ஆண்டில் அவர் தம் வங்கியைத் தொடங்கினார். அவ்வங்கியும் அதன் பொருளும் உறவினர் வழியே நெய்லர் கைக்கு வந்தன. வேலிமரத்தின் பெயரில் இன்றும் வழங்குவது அக்குடும்பத்தின் பெயரே. செடி வாங்குவோர் இதனை அறிந்திருக்க வேண்டும் என்பதில்லை. மரத்தின் வரலாறு எழுதுவோர் விட்டுவிடலாகாது.

ஜான் நெய்லரின் மூத்த மகன் கிறிஸ்டபர், கடலோடி. 1889இல் தந்தை மறைந்தபின் லெய்ட்டன் அவருக்கு வந்தது. 1891இல் லேலண்ட் குடும்பச் சொத்தும் வந்து சேரவே, அவர் தம் பெயரை லேலண்ட் என்று மாற்றிக்கொண்டு, வட இங்கிலாந்தில் நார்தம்பர்லாந்துப் பகுதியிலுள்ள ஹேகர்ஸ்டன் மாளிகைக்குக் குடிபெயர்ந்தார். லெய்ட்டன் தம்பிக்குப் போயிற்று. ஆறு நாற்றுகளும் அண்ணனுடன் சென்றன. 1897இல் விக்டோரியா அரசியாரின் மணிவிழாக் கடற்படை அணிவகுப்பில், 'டர்பீனியா' என்னும் நீராவிச் சுழலிக் கப்பல் போர்க்கப்பல்களுக்கு ஊடே பாய்ந்து சென்று அனைவரையும் திகைக்கவைத்தது அல்லவா? அதன் சுக்கானைப் பிடித்திருந்தவர் இந்த லேலண்ட்தான். வேகத்தின்மீது அவருக்கிருந்த பற்று அவர் மரத்திற்கும் வந்ததோ என்று வேடிக்கையாகச் சொல்லத் தோன்றுகிறது.

1911இல் லெய்ட்டனில் கலப்பு மீண்டும் நிகழ்ந்தது. இம்முறை மான்டரே மரம் தாய், நூட்கா மரம் தந்தை. டாலிமோர், ஜாக்சன் ஆகிய அறிஞர்கள் 1926இல் இக்கலப்பினத்தை விவரித்து லேலண்ட் பெயரைச் சூட்டினர். அதுவரை இது ஒரு குடும்பத்தின் தோட்டப் புதுமையாகவே இருந்தது.

இம்மரத்தின் விதை பெரும்பாலும் மலடு. ஆதலால் போத்து வெட்டி நட்டே பெருக்க வேண்டும். 1888ஆம் ஆண்டு நாற்றுகளில் ஒன்றன் வழிவந்தது 'ஹேகர்ஸ்டன் கிரே'. 1911இல் பிறந்தது 'லெய்ட்டன் கிரீன்'. பிரிட்டனின் பச்சை லேலண்ட் வேலிகளில் பெரும்பாலானவை இவ்விரண்டின் போத்துகளே. ஆயிரம் வேலி இருப்பினும் மரம் உண்மையில் ஒன்றிரண்டுதான் என்று கூறினும் பிழையாகாது. வட அயர்லாந்தின் காசில்வெல்லன் பூங்காவில் 1962இல் பொன்னிற நாற்று ஒன்று கிடைத்தது. 1970களில் அதுவும் சந்தைக்கு வந்தது. நாற்றங்கால்களில் போத்துகளின்மேல் நீரைப் பனிபோல் தெளித்து வேர்பிடிக்கச் செய்யும் முறை பரவியதும், விலை மலிந்தது. குறுகிய மனைகளில் புதுவீடு கட்டிக் குடியேறியவர்களுக்கு இதைவிட எளிய மறைவு கிடைக்கவில்லை.

ஆண்டுக்கு ஒரு மீட்டர் அளவு வளரும் மரம் இது. விட்டுவிட்டால் 30 மீட்டரையும் கடக்கும். வேலியாக வைத்திருக்க வேண்டுமாயின், வளரும் பருவத்தில் இரண்டு மூன்று முறை கத்தரிக்க வேண்டும். விரும்பிய உயரத்தை எட்டுமுன்பே நுனியைக் கிள்ள வேண்டும். ஓராண்டு அயர்ந்தால் மறு ஆண்டு ஏணி தேவைப்படும். அதன்பின் ஆழ வெட்டினாலும் பயனில்லை. பச்சை இலையற்ற பழுப்புக் கிளையிலிருந்து இம்மரம் மீண்டும் தளிர்ப்பதில்லை. ஆங்கிலேயரின் பழைய வேலிமரமாகிய யூ, அடிமரம் வரை வெட்டினாலும் துளிர்க்கும். ஆனால் மெல்ல வளரும். பொறுமையற்றவர் யூ மரத்தைக் கைவிட்டார். கத்தரிக்க மறந்தவர் லேலண்டிடம் அகப்பட்டார்.

அகப்பட்டவர் அவர் மட்டுமல்லர். வேலிக்கு அப்பாலிருந்த வீட்டில் பகலிலும் விளக்கேற்ற நேர்ந்தது; புல்தரை பாசி பிடித்தது; வேலியோரப் பூச்செடிகள் நீரின்றி வாடின. அவர்களுக்குச் சட்டத்தில் கிடைத்த துணை மிகச் சிறிது. எல்லை தாண்டி நீண்ட கிளையை எல்லைக்கோடு வரை வெட்டலாம். வெட்டிய கிளை மரத்துக்கு உரியவரின் உடைமையே. 20 ஆண்டுகள் சன்னல் வழியே வந்த ஒளிக்கு உரிமை உண்டு. தோட்டத்தில் விழும் வெயிலுக்கு இல்லை. உயரத்தைக் குறைக்கச் சொல்ல எவருக்கும் அதிகாரம் இல்லை. சொல்லிப் பார்த்தவர்கள் பகைவராயினர். கைகலப்பும் நேர்ந்தது; வேலிச் சச்சரவு உயிரைக் குடித்ததும் உண்டு. மறைந்து வாழ விரும்புவது குற்றமன்று. மறைப்பவனின் நிழல் யார் நிலத்தில் விழுகிறது என்பதே கேள்வி. அதற்கு விடையளிக்கச் சட்டத்திற்கு இவ்வளவு காலம் பிடித்தது வருந்தத்தக்கது.

2003ஆம் ஆண்டு சமூக விரோத நடத்தைச் சட்டத்தின் எட்டாம் பகுதியில் உயர்ந்த வேலிகள் இடம்பெற்றன. கலகக்காரரை அடக்க வந்த சட்டத்தில் சைப்ரஸ் மரமும் சேர்ந்தது விந்தையே. இங்கிலாந்தில் 2005 சூன் முதல் இப்பகுதி நடைமுறைக்கு வந்தது. வரிசையாக நிற்கும் இரண்டு அல்லது அதற்கு மேற்பட்ட பசுமை மாறா மரங்கள் 2 மீட்டருக்கு மேல் உயர்ந்து ஒளியை மறைத்தால், பாதிக்கப்பட்டவர் கட்டணம் செலுத்தி நகராண்மைக் கழகத்திடம் முறையிடலாம். முதலில் அயலாரிடம் பேசித் தீர்க்க முயன்றிருக்க வேண்டும். தனியே நிற்கும் ஒற்றை மரம், எவ்வளவு உயர்ந்திருப்பினும், இதில் அடங்காது. ஸ்காட்லாந்து 2013இல் இயற்றிய தனிச்சட்டம் இலையுதிர் மரங்களையும் சேர்த்துக்கொண்டது.

இங்கிலாந்தின் கழகங்கள் வேலியை அடியோடு வெட்டுமாறு ஆணையிட முடியாது. மரம் பட்டுப்போகும் அளவுக்குக் குறைக்கவும் சொல்ல முடியாது. எவ்வளவு கடுமையான ஆணையாயினும், வேலியை 2 மீட்டருக்குக் கீழே இறக்கச் சொல்லக் கூடாது. மதிலுக்கு வைத்த அதே அளவு.