பருத்திக் காட்டில் எழுந்த பள்ளிகள்

கொடுக்கும் கை மேலது, ஏற்கும் கை கீழது என்பது உலக வழக்கு. ஆனால் ஏற்றவர்கள் கொடுத்தவரைக் காட்டிலும் மிகுதியாகக் கொடுத்த ஓர் அறத்தின் வரலாறு அமெரிக்க ஐக்கிய நாடுகளில் உண்டு. அதனைப் பற்றியே மாணவ நண்பர்களாகிய உங்களோடு இன்று பேச விழைகிறேன்.

1865-இல் அந்நாட்டில் அடிமை முறை சட்டத்தால் ஒழிந்தது. ஆயினும் தென் மாநிலங்களில் கறுப்பின மக்கள் சமநிலை எய்தினார்களில்லை. இரு இனத்தாருக்கும் வெவ்வேறு இடங்கள் இருக்கலாம், அவை சமமாக இருப்பின் குற்றமில்லை என்று 1896-இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பிரிவினை ஊர்தோறும் நடைமுறையில் இருந்தது. சமன்மையோ ஏட்டளவில் நின்றது. கறுப்பினக் குழந்தைகள் தேவாலயத்தின் ஒரு மூலையிலோ, ஒழுகும் மரக்குடிலிலோ அமர்ந்து படித்தனர். பருத்தி எடுக்கும் பருவம் வந்தால் அந்தப் படிப்பும் நின்றுவிடும்.

இந்நிலையை மாற்ற முயன்றோருள் இருவரைச் சொல்ல வேண்டும். ஒருவர் புக்கர் டி. வாஷிங்டன், 1856-இல் அடிமையாகவே பிறந்து, அலபாமா மாநிலத்து டஸ்கீகியில் பெருங்கல்வி நிலையம் ஒன்றை வளர்த்தவர். மற்றவர் ஜூலியஸ் ரோசன்வால்ட். ஜெர்மனியிலிருந்து குடியேறிய யூதப் பெற்றோரின் மைந்தர். சிகாகோவில் சியர்ஸ் ரோபக் என்னும் பெருவணிக நிறுவனத்தின் தலைவர். 1912-இல் தம் ஐம்பதாம் ஆண்டு நிறைவின்போது ரோசன்வால்ட் டஸ்கீகிக்கு 25,000 டாலர் வழங்கினார். அதில் மிஞ்சிய 2,800 டாலரைக் கொண்டு சிற்றூர்களில் ஆறு பள்ளிகள் கட்டிப் பார்க்கலாமா என்று வாஷிங்டன் கேட்டார். செல்வர் இசைந்தார். அந்த ஆறே பின்னர் ஏறத்தாழ ஐயாயிரம் ஆயின. வாஷிங்டன் 1915-இல் மறைந்தார். 1917-இல் ரோசன்வால்ட் நிதியம் முறையாக நிறுவப்பெற்றது.

நிதியத்தின் விதிதான் நாம் ஊன்றி நோக்க வேண்டியது. பள்ளிக்கு வேண்டிய பணம் முழுவதையும் அது தருவதில்லை. ஊரார் முதலில் தம் பங்கைத் திரட்ட வேண்டும். வெள்ளையர் கையிலிருந்த மாவட்டக் கல்விக் குழுவும் பொதுப் பணத்தில் ஒரு பங்கு தர வேண்டும். கட்டி முடிந்த பள்ளியை அக்குழு பொதுப் பள்ளியாக ஏற்று நடத்த வேண்டும். இவை உறுதியானால்தான் நிதியத்தின் மானியம் கிடைக்கும்.

ஊரார் எப்படித் திரட்டினர்? கையில் காசு காணாத குத்தகை உழவர்கள் அவர்கள். சில ஊர்களில் பள்ளிக்கென்றே ஒரு துண்டு நிலம் ஒதுக்கிப் பருத்தி விதைத்தார்கள். பெண்கள் கோழி விற்றார்கள். உணவு சமைத்து ஏலம் விட்டார்கள். பணமில்லாதவர் மரம் வெட்டிக் கொடுத்தார். மரமும் இல்லாதவர் உடலுழைப்பைத் தந்தார். அலபாமாவில் போலிகீ என்னும் ஊரில் அடிமையாய்ப் பிறந்த முதியவர் ஒருவர், வாழ்நாளெல்லாம் சேர்த்த 38 டாலரை அழுக்குப் பையிலிருந்து மேசை மேல் கொட்டினாராம். அவருடைய பேரப்பிள்ளைகளின் மக்கள் படிக்க வேண்டும் என்பதே அவர் வேண்டியது. பெருஞ்செல்வரின் இலட்சங்களைவிட அந்தச் சில்லறைக் காசுகள் எனக்குப் பெரிதாகத் தோன்றுகின்றன.

இங்கே ஒரு வினா எழும். அரசுக்கு வரி செலுத்திய மக்கள், அவ்வரியால் கிடைக்க வேண்டிய பள்ளிக்காக மீண்டும் பணம் கொடுப்பது நீதியா? நீதியன்று என்றே சொல்வேன். அதற்கும் மேலாக, அவர்கள் கட்டிய பள்ளியின் நிலமும் உரிமைப் பத்திரமும் அவர்களை வாக்குச் சாவடிக்கே விடாத ஆட்சியினர் கைக்குப் போயின. இக்குறை சிறிதன்று. ஆயினும் அந்த விதிக்குள் ஒரு நுட்பம் இருந்ததை மறுக்க இயலாது. பொதுப் பள்ளியாக ஒருமுறை ஏற்றுக்கொண்டால், ஆசிரியருக்குச் சம்பளம் தரும் கடமையிலிருந்து மாவட்டம் எளிதில் நழுவ முடியாது. தனியார் கொடையாகவே முடிந்திருந்தால் அக்கடமை பிறந்திருக்காது.

கணக்கைப் பாருங்கள். 1932-இல் கட்டடப் பணி நின்றபோது, 15 மாநிலங்களில் பள்ளிகளும் தொழிற்கூடங்களும் ஆசிரியர் இல்லங்களுமாக ஐயாயிரத்துக்கும் மேற்பட்டவை எழுந்திருந்தன. மொத்தச் செலவு ஏறத்தாழ 2 கோடியே 84 இலட்சம் டாலர். அதில் நிதியம் தந்தது 44 இலட்சத்துக்கும் குறைவு. கறுப்பின மக்கள் தம் கையிலிருந்து தந்ததோ 47 இலட்சம். வெள்ளையர் நன்கொடை சுமார் 12 இலட்சம். எஞ்சிய 1 கோடியே 81 இலட்சம் பொதுவரிப் பணம். அவ்வரியிலும் கறுப்பின மக்களின் வியர்வை கலந்திருந்தது.

கட்டடங்களைப் பற்றியும் ஒரு சொல். மின்விளக்கு இல்லாத ஊர்களாதலால், கிழக்கிலும் மேற்கிலுமிருந்து ஒளி விழுமாறு உயரமான சாளரங்களை வரிசையாக அமைத்தனர். டஸ்கீகியின் கட்டடக் கலைஞர் ராபர்ட் டெய்லரும் அவருடைய தோழர்களும் இவற்றின் முதல் வரைபடங்களைத் தயாரித்தார்கள். இருண்ட குடிலிலிருந்து வந்த குழந்தைக்கு அந்த வெளிச்சமே ஒரு பாடமாக இருந்திருக்கும்.

இப்பள்ளிகளில் படித்தவர்களுள் எழுத்தாளர் மாயா ஏஞ்சலூவும், உரிமைப் போராட்டத் தலைவர் ஜான் லூயிஸும் உளர். நிதியம் அறிஞருக்கும் கலைஞருக்கும் உதவித்தொகையும் அளித்தது. அதனைப் பெற்றவர்களுள் உளநூல் அறிஞரான கென்னத் கிளார்க்கும் அவர் மனைவி மேமியும் அடங்குவர். பிரிவினை குழந்தைகளின் உள்ளத்தை எவ்வாறு சிதைக்கிறது என்று பொம்மைகளைக் கொண்டு ஆராய்ந்தவர்கள் இவர்கள். பள்ளிகளில் இனப் பிரிவினை செல்லாது என்று 1954-இல் உச்ச நீதிமன்றம் கூறியபோது, கென்னத் கிளார்க்கின் ஆய்வையும் எடுத்துக் காட்டிற்று.

ரோசன்வால்ட் 1932-இல் காலமானார். தம் பெயரால் நிதியம் என்றென்றும் நிலைக்க வேண்டும் என அவர் விரும்பவில்லை. முதலையும் சேர்த்துச் செலவிட்டுவிட வேண்டும் என்றே விதித்திருந்தார். அவ்வாறே 1948-இல் அது கணக்கை முடித்துக்கொண்டது.

பிரிவினை ஒழிந்தபின் பள்ளிகள் ஒவ்வொன்றாக மூடப்பட்டன, பல இடிந்தன. 2002-இல் அமெரிக்க வரலாற்றுச் சின்னப் பாதுகாப்பு நிறுவனம், அழியும் நிலையிலுள்ள இடங்களின் பட்டியலில் இவற்றைச் சேர்த்தது. அதன்பின் பல ஊர்களில் பழைய மாணவர்கள் ஒன்றுகூடிப் பணம் திரட்டி, கூரையைச் செப்பனிட்டு, அந்த உயர்ந்த சாளரங்களுக்குப் புதுக் கண்ணாடி பொருத்தியிருக்கிறார்கள்.