சீமைக்குச் சென்ற தாதியரும் இரண்டு பதிவேடுகளும்



எஸ்.பி.எம். தேர்வு முடிவுகள் வெளிவந்த சில நாள்களில், முன்னாள் மாணவியரின் பெற்றோர் சிலர் என்னைத் தேடி வருவது வழக்கம். அவர்கள் கேட்கும் கேள்விகளுள் ஒன்று ஆண்டுதோறும் மாறாமல் வருகிறது. "டீச்சர், பிள்ளை தாதிமை படித்தால் வெளிநாட்டில் வேலை கிடைக்குமாமே?" என்பதே அது. கிடைக்கும் என்று ஒரு சொல்லில் விடையளித்து அனுப்பிவிடலாம். ஆயினும், புலாவ் செபாங், தம்பின், அலோர் காஜா வட்டாரத்துத் தோட்டங்களில் இதே கேள்வியை நம் முன்னோர் அறுபது ஆண்டுகளுக்கு முன்பே கேட்டிருக்கிறார்கள். அவர்களுக்குக் கிடைத்த விடை அத்துணை எளிதானதன்று. அந்த வரலாற்றை இங்கே எழுதிவைக்க விரும்புகிறேன்.

தோட்டப்புறத்தில் மருத்துவம் என்றால் முதலில் நினைவுக்கு வருபவர் டிரசர். தொழிலாளர்களுக்கு மருத்துவ வசதி செய்து தரவேண்டும் என்பது ஆங்கிலேயர் காலத்துச் சட்டம். அதன்படி தோட்டத்து ஆஸ்பத்திரியில் மருந்து கலக்குபவரும், புண்ணுக்குக் கட்டுப் போடுபவரும், மலேரியாவுக்குக் கொயினா கொடுப்பவரும் அவரே. பால்மரம் வெட்டச் செல்லும் தாய்மார், பிள்ளைகளை ஆயாக்கொட்டகையில் விட்டுச் செல்வர். வெள்ளைச் சீருடை அணிந்த 'மிஸ்ஸி'யை மக்கள் பெரும்பாலும் பட்டணத்து அரசாங்க ஆஸ்பத்திரியில்தான் கண்டனர். அங்கும் தலைமைப் பொறுப்பில் இருந்தோர் நீண்ட காலம் ஆங்கிலேயப் பெண்களே. 1896இல் தொடங்கப்பெற்ற காலனித்துவத் தாதியர் சங்கம், குடியேற்ற நாடுகளுக்குத் தாதியரை இலண்டனிலிருந்து அனுப்பிக்கொண்டிருந்தது. ஆக, முதலில் தாதியர் வந்த திசை சீமையிலிருந்து மலாயாவுக்கு!

இரண்டாம் உலகப் போருக்குப் பின் அத்திசை தலைகீழானது. 1948 சூலை 5ஆம் நாள் பிரிட்டனில் தேசிய சுகாதாரச் சேவை தொடங்கியது. அனைவருக்கும் இலவச மருத்துவம் என்று அறிவித்தாயிற்று. நோயாளிகளைக் கவனிக்கக் கைகள் போதவில்லை. அயர்லாந்து, மேற்கிந்தியத் தீவுகள், மொரீஷியஸ், மலாயா எனப் பல நாடுகளிலிருந்து இளம் பெண்களைப் பயிற்சித் தாதியராக மருத்துவமனைகள் வரவழைத்தன. மலேசியரின் வரவு 1960களிலும் 1970களின் முற்பகுதியிலும் மிகுந்திருந்தது. பயிற்சிக்குக் கட்டணம் இல்லை. மாறாக, மாதந்தோறும் படித்தொகை உண்டு. உறைவிடமும் மருத்துவமனை வளாகத்திலேயே இருந்தது. மகளை அனுப்பும் பெற்றோருக்கு இதைவிட வேறென்ன வேண்டும்?

அக்காலத்தில் தோட்டங்களின் நிலையையும் நினைத்துப் பார்க்க வேண்டும். 1950களில் தொடங்கிய தோட்டத் துண்டாடல் பல குடும்பங்களை லயத்திலிருந்து வெளியேற்றியது. 1968ஆம் ஆண்டின் வேலைக் கட்டுப்பாட்டுச் சட்டம் குடியுரிமை இல்லாதோருக்கு வேலை அனுமதிச் சீட்டைக் கட்டாயமாக்கியது. சிவப்பு அடையாள அட்டை வைத்திருந்தோர் திகைத்தனர். 1969க்குப் பின் சுமார் 60,000 இந்தியர்கள் தமிழகத்திற்கே திரும்பிவிட்டனர் என்று கணக்கிடப்பட்டுள்ளது. இத்தகைய வேளையில், தம்பினிலோ மலாக்காவிலோ ஆங்கிலப் பள்ளியில் படித்துத் தேறிய ஒரு பெண்ணுக்குச் சீமையிலிருந்து ஒரு கடிதம் வந்தால், அக்குடும்பம் நகையை அடகு வைத்தாவது பயணச்சீட்டு வாங்கியதில் வியப்பில்லை.

அந்தக் கடிதத்தில் என்ன எழுதியிருந்தது என்பதுதான் இக்கட்டுரையின் மையம்.

பிரிட்டனில் அப்போது தாதியருக்கு ஒன்றல்ல, இரண்டு ஏடுகள் இருந்தன. முதலாவது, 1919ஆம் ஆண்டுச் சட்டத்தால் உருவான பதிவேடு. மூன்றாண்டுப் பயிற்சி பெற்றுத் தேறியவர் இதில் 'அரசுப் பதிவுபெற்ற தாதி' ஆவார், சுருக்கமாக எஸ்.ஆர்.என். இரண்டாவது, 1943ஆம் ஆண்டுச் சட்டத்தால் துணைத்தாதியருக்கென உருவான பட்டியல். இரண்டாண்டுப் பயிற்சி முடித்தவர் இதில் இடம்பெறுவார். 1961இல் இவர்களுக்கு 'ஸ்டேட் என்ரோல்ட் நர்ஸ்' என்று பெயர் மாற்றினர்; எஸ்.இ.என். துணை என்ற சொல் மறைந்தது. தகுதி மட்டும் உயரவில்லை. எஸ்.ஆர்.என். படிப்படியாக வார்டு சிஸ்டராகவும் மேட்ரனாகவும் உயரலாம். எஸ்.இ.என்.னுக்கு அந்த ஏணியே கிடையாது. அது மட்டுமன்று, பிரிட்டனுக்கு வெளியே பெரும்பாலான நாடுகளில் அச்சான்றிதழைக் கொண்டு பதிவுபெற்ற தாதியாகப் பணிபுரிய இயலாது.

எஸ்.ஆர்.என். எஸ்.இ.என். பத்தாயிரம் கிலோமீட்டருக்கு இப்பால் ஒரு ரப்பர் தோட்டத்தில் இருந்துகொண்டு, இவ்விரண்டும் வேறு வேறு என்று யார் அறிவார்? கிராணியார் அறிவாரா? தலைமையாசிரியர்தாம் அறிவாரா? இரண்டும் நர்ஸ்தானே!

ஆங்கிலக் கல்வித் தகுதி குறைந்தவர்களை மட்டும் இரண்டாம் பட்டியலுக்கு அனுப்பினார்கள் என்றால் அதில் ஒரு நியாயம் காணலாம். ஆனால் பதிவேட்டுப் பயிற்சிக்குரிய தகுதி இருந்தும் பட்டியல் பயிற்சியில் சேர்க்கப்பட்ட வெளிநாட்டுப் பெண்கள் பலர் என்பதைப் பிற்கால ஆய்வாளர்கள் எடுத்துக்காட்டியுள்ளனர். இரண்டாண்டு முடிந்ததும் எஸ்.ஆர்.என். ஆகிவிடலாம் என்று நம்பியே சிலர் சேர்ந்தனர். பின்னர் உண்மை தெரிந்தபோது, மீண்டும் முதலிலிருந்து தொடங்க வேண்டியிருந்தது. மாணவியாக இருக்கும்வரைதான் தங்கும் அனுமதி என்ற நிலையில், எதிர்த்துக் கேட்கவும் அஞ்சினர். இதை வெறும் தற்செயல் என்று நான் கருதவில்லை. மருத்துவமனைகளுக்கு வேண்டியிருந்தது இரவுப்பணிக்கு ஆள். பட்டியல் பயிற்சி அதற்கு மலிவான வழியாக அமைந்தது.

இன்னொரு செய்தி. உள்ளூர்ப் பெண்கள் விரும்பாத பிரிவுகளில் இடம் எளிதாகக் கிடைத்தது. முதியோர் வார்டுகள், ஊருக்கு வெளியே இருந்த பெரிய மனநல மருத்துவமனைகள், மனவளர்ச்சி குன்றியோருக்கான விடுதிகள் ஆகியவற்றில் மலேசியரும் மொரீஷியசு நாட்டவரும் நிறையவே பணியாற்றினர். இலண்டனைப் பார்க்கப் போகிறோம் என்று புறப்பட்டுச் சென்ற பிள்ளை, கடுங்குளிரில் பேருந்து அரிதாக வரும் ஒரு கிராமத்துப் புறத்தில் போய் இறங்கியிருப்பாள். சோறும் மிளகாய்த்தூளும் கிடையாது. வீட்டுக்கு எழுதும் நீலநிறக் கடிதத்தில் இதையெல்லாம் எழுதமாட்டாள். நலம், நலமறிய ஆவல் என்றுதான் எழுதுவாள். படித்தொகையில் மிச்சம் பிடித்து அனுப்பிய பணத்தில் தம்பி தங்கையர் படித்தனர் என்பதையும் சொல்லியாக வேண்டும். அந்தத் தியாகத்தை நாம் பேசுவதே இல்லை.

பயிற்சி முடிந்து திரும்பியோர் நிலை என்ன? இங்கே 1950ஆம் ஆண்டுத் தாதியர் சட்டத்தின்கீழ்த் தாதியர் வாரியத்தில் பதிவு செய்தாக வேண்டும். எஸ்.ஆர்.என். சான்றிதழோடு வந்தவருக்கு மதிப்பு இருந்தது. மற்றச் சான்றிதழோடு வந்தவர், சீமையில் பல ஆண்டுகள் நோயாளிகளைக் கவனித்திருந்தாலும், இங்கே முழுத் தாதியாக முடியாது. ஆகவே திரும்பி வராமல் அங்கேயே தங்கியோர் உண்டு. 'மகள் சீமையை மறந்து வரமாட்டேன் என்கிறாள்' என்று ஊரார் பழித்த குடும்பங்களில், மறக்காததனால் அல்ல, வந்தால் வேலையில்லை என்பதனாலேயே வராமல் இருந்தவர்களும் இருந்திருப்பர்.

நம் ஊருக்கே உரிய ஒரு சிறப்பையும் இங்குக் குறிப்பிட வேண்டும். புலாவ் செபாங் மலாக்காவைச் சேர்ந்தது. ஒட்டியுள்ள தம்பின் நெகிரி செம்பிலானைச் சேர்ந்தது. எல்லையைத் தாண்டினால் அக்காலத்தில் ஆட்சிமுறையே வேறு. மலாக்காவும் பினாங்கும் நீரிணைக் குடியேற்றப் பகுதிகளாக இருந்தமையால், அங்கே பிறந்தோர் 1957க்குப் பின்னும் பிரிட்டிஷ் குடியுரிமையின் ஒரு வகையைத் தக்கவைத்துக்கொண்டனர். ஆனால் 1962 முதல் அடுத்தடுத்து வந்த குடிநுழைவுச் சட்டங்கள் அதன் பயனைக் குறைத்தன. 1983இல் புதிய தேசியச் சட்டம் நடைமுறைக்கு வந்தபோது, அது பிரிட்டனில் வாழும் உரிமையற்ற 'கடல்கடந்த குடிமகன்' என்ற நிலையாகச் சுருங்கியது. 2000களில் முகவர்கள் பேச்சை நம்பி மலேசியக் குடியுரிமையைத் துறந்து, பிரிட்டிஷ் குடியுரிமையும் கிட்டாமல், நாடற்றவர்களாகத் தவித்த மலேசியர் பலர். தாதியர் கதையிலும் இக்கதையிலும் ஏமாற்றியது ஒன்றே: ஒரே மாதிரி ஒலிக்கும் இரண்டு பெயர்கள்.

இனி இன்றைய நிலை. எஸ்.இ.என். பயிற்சி, 1989இல் தொடங்கிய புதிய தாதிமைக் கல்வித் திட்டத்தோடு படிப்படியாக நிறுத்தப்பட்டது. நடுவயதில் மாற்றுப் பயிற்சி பெற்று முதல்நிலைக்கு உயர்ந்தோர் சிலர். அப்படியே ஓய்வுபெற்றோர் சிலர். இக்காலத்தில் பள்ளி முடித்த பிள்ளையை நேரே அழைத்துச் சென்று வார்டில் பயிற்றுவிக்கும் முறை பிரிட்டனில் இல்லை. இங்கேயே பட்டயமோ பட்டமோ முடித்து, மலேசியத் தாதியர் வாரியத்தின் தேர்வில் தேறிப் பதிவு பெறவேண்டும். அதன் பிறகே வெளிநாட்டுக் கதவு. பிரிட்டனுக்கென்றால் ஆங்கிலத் திறனை மெய்ப்பிக்க வேண்டும். பெரும்பாலோர் அதற்கு ஐ.இ.எல்.டி.எஸ். அல்லது ஓ.இ.டி. எழுதுகின்றனர். அடுத்து, 2014இல் நடைமுறைக்கு வந்த திறனறி முறைப்படி கணினித் தேர்வு ஒன்றும், அந்நாட்டிலேயே நடைபெறும் செய்முறைத் தேர்வு ஒன்றும் உண்டு. சவூதி போன்ற நாடுகளுக்கு வேறு தேர்வுகள்.

ஆகவே, என்னிடம் வரும் பெற்றோரிடம் நான் முதலில் கேட்பது கல்லூரியின் பெயரையன்று. அந்தப் படிப்புக்கு நம் தாதியர் வாரியத்தின் ஒப்புதல் உள்ளதா, முடித்தபின் கிடைப்பது முழுத் தாதிப் பதிவா, துணைநிலையா என்றுதான் கேட்கிறேன். விளம்பரத்தாளைக் கையில் வைத்துக்கொண்டு, "இரண்டும் நர்ஸ்தானே டீச்சர்?" என்று திருப்பிக் கேட்கும் பெற்றோர் இன்றும் இருக்கிறார்கள்.